பந்தை எப்போது வாங்குவது? டஸ்டி பேக்கரின் நான்கு ஆறாம் ஆட்டங்கள்

2022 நவம்பர் 5, ஹூஸ்டன். அமெரிக்க பேஸ்பாலின் கோப்பையை முடிவுசெய்யும், ஏழில் நான்கு ஆட்டம் வெல்ல வேண்டிய உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம், ஆறாவது இன்னிங்ஸ். பிலடெல்பியா பில்லீஸ் 1-0 என்று முன்னால் இருக்கிறது. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் பேட்டிங். ஒருவர் அவுட், இரண்டு பேர் பேஸில். பில்லீஸ் பிட்சர் சாக் வீலர் அதுவரை ரன் எதுவும் கொடுக்கவில்லை. எறிந்தது வெறும் 70 பந்து. அப்போது பில்லீஸ் மேனேஜர் ராப் தாம்சன் அணி உட்காரும் டக்அவுட்டை விட்டு நடந்து வருகிறார். வீலரிடமிருந்து பந்தை வாங்கி ஹோசே ஆல்வராடோவிடம் கொடுக்கிறார். சில பந்துகளுக்குள் யோர்டன் ஆல்வரஸ் 450 அடி தூரத்துக்கு, வேலியைத் தாண்டி, ஒரு ஹோம் ரன் அடிக்கிறார். பேஸில் நின்ற இரண்டு பேரும் அவரும் ஓடி வந்துவிடுகிறார்கள். மூன்று ரன். ஆட்டமும் தொடரும் அங்கேயே திரும்பிவிட்டன.

ஆஸ்ட்ரோஸ் டக்அவுட்டில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் 73 வயது டஸ்டி பேக்கர். இருபது ஆண்டுகளுக்கு முன், அதுவும் ஓர் ஆறாவது ஆட்டம், அவரும் இதேபோல நடந்து போனவர். அப்போதும் ஒரு அவுட், பேஸில் இரண்டு பேர். அவரும் நன்றாக எறிந்துகொண்டிருந்த பிட்சரிடம் பந்தை வாங்கினார். மாற்றாக வந்தவரை அடித்த முதல் ஆள் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். அந்த இரவுக்காக இருபது வருடம் பேக்கரைக் குறை சொன்னார்கள்.

இந்த இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தபோதுதான் இந்த மனிதரின் வாழ்க்கையை ஒரு வழக்குபோல எடுத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஒரு மேனேஜரின் முடிவை எப்படி எடைபோடுவது? அதில் நாம் எங்கே தவறுகிறோம்? இதற்கு பேக்கரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். நம் ஆட்டத்தில் கேப்டன் ஒரு பௌலரை நிறுத்திவிட்டு, பத்து ஓவர் கழித்து மறுபடி கூப்பிடலாம். பேஸ்பாலில் அது கிடையாது. ஒரு பிட்சரை ஆட்டத்திலிருந்து வெளியே எடுத்துவிட்டால் அன்றைக்கு அவர் கதை முடிந்தது, திரும்பி வர முடியாது. அந்த முடிவை எடுப்பவர் களத்தில் நிற்கும் கேப்டனும் இல்லை. வெளியே உட்கார்ந்திருக்கும் மேனேஜர் எழுந்து, ஆயிரக்கணக்கான கண்கள் பார்க்க, பிட்சர் நிற்கும் மண்மேடு வரை நடந்து போய்ப் பந்தைக் கையில் வாங்குகிறார். அந்த நடைக்குப் பிறகு நடப்பது எல்லாம் அவர் கணக்கில்தான் எழுதப்படும்.

ஆரோனின் பொறுப்பில்

ஜானி பேக்கர் 1949 ஜூன் 15 அன்று கலிபோர்னியாவின் ரிவர்சைடில் பிறந்தார். எப்போது பார்த்தாலும் புழுதியில் விளையாடிக்கொண்டிருந்ததால் அம்மா வைத்த பெயர் டஸ்டி, அதாவது புழுதிக்காரன். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 1967-இல் அட்லாண்டா பிரேவ்ஸ் அணி அவரை வீரர் தேர்வின் 26-ஆவது சுற்றில் எடுத்தது. அவ்வளவு பின்னால் எடுக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் முதல்நிலை ஆட்டத்தைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை.

கலிபோர்னியாவில் வளர்ந்த ஒரு கறுப்பினப் பையன் 1960-களின் கடைசியில் அமெரிக்காவின் தென்மாநிலங்களுக்கு ஆடப் போகிறான். எந்தத் தாய்க்கும் பயம் இருக்கும். அந்த அணியின் மூத்த வீரர் ஹாங்க் ஆரோன், என் மகனைப்போலப் பார்த்துக்கொள்கிறேன் என்று பேக்கரின் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தார். பேக்கர் இதைத் தன் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். ஆரோன் அந்த வாக்கைக் காப்பாற்றினார் என்பதையும் கூடவே சொல்வார்.

1973-லும் 1974-இன் தொடக்கத்திலும் ஆரோன் எப்படி வாழ்ந்தார் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் பேக்கர். பேப் ரூத்தின் 714 ஹோம் ரன் சாதனையை ஒரு கறுப்பின வீரர் முறியடிக்கப் போகிறார் என்பதற்காகக் கொலை மிரட்டல் கடிதங்கள் குவிந்துகொண்டிருந்தன. மிரட்டல் வந்த நாளில், டக்அவுட்டில் என் பக்கத்தில் உட்காராதீர்கள் என்று ஆரோன் இளைஞர்களிடம் சொன்னதாக பேக்கர் நினைவுகூர்ந்திருக்கிறார். 1974 ஏப்ரல் 8 அன்று, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் அல் டவுனிங் எறிந்த பந்தில் ஆரோன் 715-ஆவது ஹோம் ரன்னை அடித்தார். அடுத்து ஆட வேண்டியவராக மட்டையோடு காத்து நின்றவர் பேக்கர்தான். அந்தப் புகழ்பெற்ற காட்சியின் ஓரத்தில் ஒரு 24 வயது இளைஞனாக அவர் இருக்கிறார்.

பிற்காலத்தில் எல்லோரும் பேக்கரிடம் பாராட்டியதும் குறை சொன்னதும் ஒரே குணத்தைத்தான். அவர் எண்களைப் பார்ப்பதற்கு முன் ஆளைப் பார்ப்பார். ஒருவரை நம்பிவிட்டால் சட்டென்று கைவிட மாட்டார். அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் ஆரோனின் அந்த வாக்குறுதியில்தான் போய் நிற்கிறேன். மூத்தவர் ஒருவர் தோளில் கைபோட்டுக் காப்பாற்றியதால் ஆளான மனிதர், தான் மூத்தவரானதும் அதையே செய்தார்.

1975 நவம்பரில் அவர் டாட்ஜர்ஸுக்கு மாற்றப்பட்டார். 1977 அக்டோபர் 2, வழக்கமான சீசனின் கடைசி நாள். ஹூஸ்டனின் ஜே. ஆர். ரிச்சர்ட் எறிந்த பந்தில் பேக்கர் தன் 30-ஆவது ஹோம் ரன்னை அடித்தார். ஒரே அணியில் நான்கு பேர் 30 ஹோம் ரன் அடிப்பது அதுவே முதல் முறை. மற்ற மூவர் ஸ்டீவ் கார்வி, ரெஜி ஸ்மித், ரான் சே. அவர் ஓடி முடித்து வரும்போது கிளென் பர்க் என்ற இளம் வீரர் கையை உயரத் தூக்கிக்கொண்டு நின்றார். பேக்கர் அந்தக் கையைத் தட்டினார். இன்று உலகம் முழுக்கக் குழந்தைகள்கூடச் செய்யும் ஹை-ஃபைவ் அங்கேதான் பிறந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கதை. அடுத்து ஆட வந்த பர்க் முதல்நிலை ஆட்டத்தில் தன் முதல் ஹோம் ரன்னை அடித்தார். இப்போது கை தூக்கியவர் பேக்கர். பர்க் தன்பாலின ஈர்ப்பு கொண்டவர் என்பது அணிக்குள் தெரிந்திருந்த காலம் அது. அடுத்த ஆண்டே அவர் வேறு அணிக்கு அனுப்பப்பட்டார், 1995-இல் எய்ட்ஸ் நோயால் இறந்தார். ஹை-ஃபைவ் பற்றிப் பேசும்போது அவர் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆட்டக்காரராக பேக்கர் சாதித்தது குறைவில்லை. 19 சீசன், 242 ஹோம் ரன், 1,981 ஹிட் (அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸை எட்டுவது), 1981-இல் டாட்ஜர்ஸோடு உலகத் தொடர் வெற்றி. 2,000 ஹிட்டுக்கு 19 குறைவாக நின்றுவிட்டார். 1986-இல் ஓக்லாந்தில் ஆட்டத்தை முடித்தார். பங்குத் தரகராகக் கொஞ்ச நாள் வேலை பார்த்தார். 1988-இல் சான் பிரான்சிஸ்கோ ஜெயன்ட்ஸ் அணிக்குப் பயிற்சியாளராகத் திரும்பினார்.

ஒரு ஆட்டக் குறைவு

1992-இன் கடைசியில் ஜெயன்ட்ஸ் அவரை மேனேஜராக்கியது. அதற்கு முன் முதல்நிலை அணி எதையும் அவர் நடத்தியதில்லை. அந்த ஆண்டு 90 ஆட்டம் தோற்றிருந்த அணி அது. பாரி பாண்ட்ஸ் புதிதாக வந்து சேர்ந்தார். 1993-இல் அதே ஜெயன்ட்ஸ் 103 ஆட்டம் வென்றது.

வென்றும் வீட்டுக்குப் போனது. ஒரே பிரிவில் இருந்த அட்லாண்டா பிரேவ்ஸ் 104 வென்றிருந்தது. இரண்டாமிடத்துக்கு வாய்ப்புத் தரும் வைல்டு கார்டு முறை அப்போது நடைமுறைக்கு வரவில்லை. கடைசி நாள் இரண்டு அணியும் சமம். அன்று பிரேவ்ஸ் வென்றது, ஜெயன்ட்ஸ் டாட்ஜர்ஸிடம் 12-1 என்று தோற்றது. தன்னை வளர்த்த அணி ஒன்று, தான் கோப்பை வென்ற அணி மற்றொன்று, இரண்டுமாகச் சேர்ந்து அவருடைய முதல் சீசனை முடித்துவைத்தன. நேஷனல் லீக்கின் சிறந்த மேனேஜர் விருது அந்த ஆண்டு அவருக்குத்தான் கிடைத்தது. 1997-லும் 2000-லும் மறுபடி வாங்கினார்.

முதல் ஆறாம் ஆட்டம்: அனஹைம், 2002

2001 டிசம்பரில் அவருக்குப் புரஸ்டேட் புற்றுநோய் அறுவை சிகிச்சை நடந்தது. அடுத்த சீசனில் அணிக்குள் பாண்ட்ஸும் ஜெஃப் கென்ட்டும் டக்அவுட்டிலேயே, கேமரா முன்னால், ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டார்கள். அந்த இரண்டு பேரையும் ஒரே அணியில் வைத்து அக்டோபர் வரை கொண்டுவந்ததே பெரிய வேலை. வைல்டு கார்டில் நுழைந்த ஜெயன்ட்ஸ் உலகத் தொடருக்கு வந்தது. எதிரணி அனஹைம் ஏஞ்சல்ஸ். அதன் மேனேஜர் மைக் சோஷா, 1981-இல் பேக்கரோடு டாட்ஜர்ஸில் ஆடியவர்.

ஐந்தாவது ஆட்டத்தை ஜெயன்ட்ஸ் 16-4 என்று வென்றது. அந்த ஆட்டத்தில்தான் பேக்கரின் மூன்றரை வயது மகன் டேரன், மட்டை எடுத்துவரும் பையனாக நின்றவன், ஓட்டக்காரர்கள் வந்துகொண்டிருக்கும்போதே ஹோம் பிளேட்டுக்கு ஓடிவிட்டான். ரன் எடுத்து வந்த ஜே. டி. ஸ்னோ ஓடுகிற ஓட்டத்திலேயே குழந்தையின் சட்டையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார். இப்போது பார்த்தாலும் நெஞ்சு பதைக்கும். அதற்குப் பிறகு மட்டை எடுக்கும் பிள்ளைகளுக்குக் குறைந்தது 14 வயதாவது இருக்க வேண்டும் என்று விதி வந்தது.

அக்டோபர் 26, ஆறாவது ஆட்டம். ஜெயன்ட்ஸ் தொடரில் 3-2 முன்னிலை, ஆட்டத்தில் 5-0 முன்னிலை. ஏழாவது இன்னிங்ஸில் ஒரு அவுட். ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூன்று அவுட்; இன்னும் எட்டு அவுட் எடுத்தால் கோப்பை. ரஸ் ஆர்டிஸ் ரன் கொடுக்காமல் எறிந்துகொண்டிருந்தார். டிராய் கிளாஸ் ஒரு ஹிட், பிராட் ஃபுல்மர் ஒரு ஹிட். பேக்கர் நடந்து வந்தார். பந்தை வாங்கினார். அப்புறம் அந்தப் பந்தை நினைவாக வைத்துக்கொள்ளச் சொல்லி ஆர்டிஸ் கையிலேயே திருப்பிக் கொடுத்து அனுப்பினார்.

மாற்றாக வந்தவர் ஃபெலிக்ஸ் ரோட்ரிகஸ். அவரை எதிர்கொண்ட ஸ்காட் ஸ்பீசியோ பந்து பந்தாகத் தட்டித் தள்ளிக்கொண்டே நின்று, கடைசியில் வலதுபுற வேலியை மயிரிழையில் தாண்டும் ஒரு ஹோம் ரன் அடித்தார். 5-3. எட்டாவது இன்னிங்ஸில் டேரின் எர்ஸ்டட் ஒரு ஹோம் ரன், பிறகு ராப் நென் எறிந்த பந்தில் கிளாஸ் இரண்டு ரன் கொண்டுவந்த டபுள், அதாவது அடித்தவர் இரண்டாம் பேஸ் வரை ஓடிவிடும் அடி. 6-5. மறுநாள் ஏழாவது ஆட்டம் 4-1, ஏஞ்சல்ஸ் கோப்பையை எடுத்துக்கொண்டது.

மறுநாளிலிருந்து எல்லோருக்கும் அந்தப் பந்துதான் பேச்சு. வெற்றி உறுதி என்று நினைத்துப் பரிசு கொடுத்துவிட்டார், அது ஏஞ்சல்ஸைச் சூடேற்றியது என்றார்கள். பந்தைக் கொடுத்தது அழகாக இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். எட்டு அவுட் பாக்கி இருக்கும்போது அதைச் செய்திருக்க வேண்டாம். ஆனால் மாற்றிய முடிவு வேறு விஷயம். ஒரு பிட்சரை அதே பேட்டர் மூன்றாவது முறை சந்திக்கும்போது அவர் பந்துகள் பழகிவிடுகின்றன, அடி விழுவது கூடுகிறது. பேஸ்பால் புள்ளிவிவரங்கள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஆர்டிஸ் களைத்துக்கொண்டிருந்தார். அடுத்தடுத்து இரண்டு ஹிட் விழுந்துவிட்டது. சீசன் முழுக்க அந்த அணியை இழுத்து வந்தது அதன் மாற்று பிட்சர்கள்தான். அந்த நொடியில் தெரிந்திருந்ததை மட்டும் வைத்துப் பார்த்தால் ஆர்டிஸை எடுத்தது சரியான முடிவு. பந்து இரண்டு அடி முன்னால் விழுந்திருந்தால் அது ஒரு கேட்ச், யாரும் இன்று அதைப் பேசமாட்டார்கள்.

ஒப்பந்தம் முடிந்திருந்தது, நிர்வாகத்தோடு உறவும் கசந்திருந்தது. அவர் சிகாகோவுக்குப் போனார்.

இரண்டாவது: சிகாகோ, 2003

சிகாகோ கப்ஸ் அதுவரை கடைசியாகக் கோப்பை வென்றது 1908-இல். உலகத் தொடரில் கடைசியாக ஆடியது 1945-இல். பேக்கர் போன முதல் ஆண்டே அந்த அணி உலகத் தொடருக்கு முந்தைய படியான லீக் இறுதித் தொடருக்கு வந்துவிட்டது. எதிரணி புளோரிடா மார்லின்ஸ்.

அக்டோபர் 14, ரிக்லி ஃபீல்ட், ஆறாவது ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸ், கப்ஸ் 3-0. எறிபவர் 23 வயது மார்க் பிரையர், அந்த ஆண்டு 18 வெற்றி கண்டவர். முதல் அவுட் விழுந்தது. ஐந்து அவுட் பாக்கி. ஹுவான் பியர் ஒரு டபுள் அடித்தார். அடுத்த பேட்டர் லூயிஸ் காஸ்டில்யோ அடித்த பந்து இடதுபுறம் எல்லைக்கு வெளியே, பார்வையாளர் வரிசையின் விளிம்பில் இறங்கியது. மொய்சஸ் ஆலூ குதித்துப் பிடிக்கப் போனார். ஒரு ரசிகரின் கை பந்தில் பட்டது. பல வருடம் அந்த ரசிகரை இந்த ஊர் என்ன பாடு படுத்தியது என்பது தனிக் கொடுமை. அவரைச் சுற்றி இருந்தவர்களும் கை நீட்டினார்கள், யாராக இருந்தாலும் நீட்டியிருப்பார்கள். அவர் பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

அந்தப் பந்துக்குப் பிறகு நடந்தது இதுதான்: காஸ்டில்யோவுக்கு இலவச பேஸ், இவான் ரோட்ரிகஸ் ஹிட், ரன் ஒன்று. மிகெல் கப்ரேரா தரையில் அடித்த பந்து நேராக ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஃபீல்டர், அலெக்ஸ் கொன்சாலஸிடம் போனது. அதைப் பிடித்திருந்தால் இரண்டு அவுட்டும் கிடைத்து இன்னிங்ஸே முடிந்திருக்கலாம். கையிலிருந்து நழுவியது. டெரெக் லீ டபுள், 3-3. அதற்குப் பிறகுதான் பேக்கர் நடந்து வந்து பந்தை வாங்கினார். அந்த இன்னிங்ஸில் மொத்தம் எட்டு ரன். ஆட்டம் 8-3. மறுநாள் கெரி வுட் எறிந்தும் 9-6 என்று தோற்றது.

இந்த முறை குற்றச்சாட்டு தலைகீழ். போன வருடம் சீக்கிரம் மாற்றினார், இந்த வருடம் தாமதமாக மாற்றினார். பந்து பிரையர் கையில் இருந்தவரை இருந்தது, பேக்கர் உட்கார்ந்திருந்தார்.

இதில் பேக்கர் பக்கம் நிற்பது எனக்குக் கொஞ்சம் கடினம், ஆனால் பலர் சொல்லும் காரணத்துக்காக இல்லை. எட்டாவது இன்னிங்ஸில் ஒரு டபுளும் கைநழுவிய ஒரு பந்தும் சேர்ந்து வந்தால் எந்த மேனேஜரும் தன் சிறந்த பிட்சரை இன்னும் ஒரு ஆளுக்கு விட்டுப்பார்ப்பார். தவறு அதற்கு முன்னால் நடந்தது. அந்த செப்டம்பரில் பிரையர் பலமுறை 120 பந்துகளுக்கு மேல் எறிந்திருந்தார். வழக்கமான சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் முதல் சுற்றில் அட்லாண்டாவுக்கு எதிராக 133 பந்து. மார்லின்ஸுக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தில் கப்ஸ் 12-3 என்று வென்றது, அவ்வளவு பெரிய முன்னிலை இருந்தும் பிரையர் 116 பந்து எறிந்தார். நம்பிய ஆளிடமிருந்து பந்தை வாங்க மனம் வராதது பேக்கரின் பலம் என்றால், அதன் விலை இங்கே தெரிகிறது. 23 வயதுப் பையனின் தோளுக்கு அந்த இரண்டாவது ஆட்டத்தில் ஓய்வு கொடுத்திருக்கலாம்.

பிரையரின் ஆட்ட வாழ்க்கை 2006-இல் நின்றுபோனது. பந்து எண்ணிக்கை மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. 2003 ஜூலையில் ஓடும்போது மார்கஸ் ஜைல்ஸோடு மோதி விழுந்தார், 2005-இல் அடித்த பந்து நேராக வந்து முழங்கையை உடைத்தது. பிரையரே பின்னாளில் பேக்கரைக் குறை சொல்ல மறுத்துவிட்டார். ஆனாலும் பிட்சர்களின் தோளைக் கெடுப்பவர் என்ற பேச்சு பேக்கரோடு ஒட்டிக்கொண்டு சிகாகோவிலிருந்து அடுத்தடுத்த ஊர்களுக்கும் வந்தது. 2006-இல் கப்ஸ் 96 ஆட்டம் தோற்றது, ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை.

நடுவில் ஒரு பத்தாண்டு

சின்சினாட்டி ரெட்ஸில் 2008 முதல் 2013 வரை. பதினைந்து ஆண்டுகளாக பிளேஆஃப் பார்க்காத அந்த அணியை மூன்று முறை கொண்டுபோனார். 2010-இல் பில்லீஸ் பிட்சர் ராய் ஹாலடே ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் வீழ்த்தினார். 2012 செப்டம்பரில் பேக்கருக்கு லேசான பக்கவாதம் வந்தது. சில வாரங்களில் டக்அவுட்டில் உட்கார்ந்திருந்தார். அந்த ஆண்டு ஜெயன்ட்ஸுக்கு எதிராக முதல் இரண்டு ஆட்டம் வென்று, அடுத்த மூன்றையும் சொந்த மைதானத்திலேயே தோற்றார்கள். முதன்மை பிட்சர் ஜானி குவேட்டோ முதல் ஆட்டத்தில் எட்டு பந்து எறிந்ததும் காயம்பட்டு வெளியேறியதை மறந்துவிட்டுத்தான் பலர் பேக்கரைத் திட்டினார்கள். அந்த ஜெயன்ட்ஸை அப்போது நடத்தியவர் புரூஸ் போச்சி. பேக்கரால் முடியாததை அந்த ஊரில் 2010, 2012, 2014 என்று மூன்று முறை செய்து காட்டியவர்.

வாஷிங்டன் நேஷனல்ஸில் இரண்டே சீசன். 95 வெற்றி, 97 வெற்றி. இரண்டு முறையும் முதல் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோல்வி. வேலை போனது. 97 ஆட்டம் வென்ற மேனேஜரை அனுப்பியது அநியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதே நேஷனல்ஸ் 2019-இல் கோப்பை வென்றது, ஆஸ்ட்ரோஸை வீழ்த்தி.

அவ்வளவுதான், வயது 70-ஐ நெருங்கிவிட்டது, இனி யாரும் கூப்பிடமாட்டார்கள் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

மூன்றாவது: ஹூஸ்டன், 2021

2020 ஜனவரியில் ஆஸ்ட்ரோஸின் மானம் போனது. 2017 சீசனில் கேமரா வைத்து எதிரணியின் சைகைகளைப் படித்து, குப்பைத் தொட்டியைத் தட்டித் தங்கள் பேட்டர்களுக்குத் தகவல் சொல்லியிருந்தார்கள். லீக் 50 லட்சம் டாலர் அபராதம் போட்டது, இரண்டு ஆண்டுகளுக்கான முதல் இரண்டு சுற்று வீரர் தேர்வுகளைப் பறித்தது. மேனேஜர் ஏ. ஜே. ஹிஞ்சும் பொது மேலாளர் ஜெஃப் லூனோவும் வேலையிழந்தார்கள். நாடு முழுக்க வெறுக்கும் அணியாக ஆஸ்ட்ரோஸ் மாறிவிட்டது. கறைபடாத பெயருள்ள, எல்லா அணி வீரர்களும் மதிக்கும் ஒருவர் அவர்களுக்குத் தேவைப்பட்டார். ஜனவரி முடிவதற்குள் பேக்கர் வந்து சேர்ந்தார்.

வந்ததும் அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, எதிரணி பிட்சர்கள் பழிவாங்க என் ஆள்கள்மேல் பந்தை எறியாமல் லீக் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டது. அந்தத் தவறு நடந்தபோது அவர் அங்கே இல்லை. தன்னுடையது அல்லாத குற்றத்தின் சுமையை எடுத்துக்கொண்டு அந்த வீரர்கள் முன்னால் நின்றார். எனக்கு இங்கே மறுபடி ஆரோன்தான் நினைவுக்கு வருகிறார்.

2020-இல் லீக் இறுதியில் 0-3 என்று பின்தங்கி, மூன்று வென்று, ஏழாவதில் தோற்றார்கள். 2021-இல் உலகத் தொடர். எதிரில் வந்தது அட்லாண்டா பிரேவ்ஸ். ஆரோன் அந்த ஆண்டு ஜனவரி 22 அன்றுதான் இறந்திருந்தார். பிரேவ்ஸ் மேனேஜர் பிரையன் ஸ்னிட்கரைப் பயிற்சியாளர் வேலைக்குக் கொண்டுவந்தவரும் ஆரோனே. ஆக, ஆரோன் வளர்த்த இரண்டு பேர் எதிரெதிர் டக்அவுட்டில் நின்றார்கள்.

நவம்பர் 2, ஆறாவது ஆட்டம். இதில் அலசுவதற்கு அதிகம் இல்லை. மூன்றே நாள் ஓய்வில் வந்த லூயிஸ் கார்சியாவை ஹோர்ஹே சோலர் மைதானத்துக்கு வெளியே அடித்தார், மேக்ஸ் ஃபிரீட் ஆறு இன்னிங்ஸ் ரன் தரவில்லை. 7-0. சில இரவுகளில் மேனேஜர் என்ன செய்தாலும் ஒன்றுதான்.

நான்காவது

2022-க்கு பேக்கரிடம் இருந்தது ஒரே ஓராண்டு ஒப்பந்தம். மே 3 அன்று 2,000-ஆவது வெற்றி. ஆட்டக்காரராக 19 ஹிட்டில் தவறவிட்ட எண்ணை மேனேஜராக எட்டினார். அந்த எண்ணைத் தொட்ட முதல் கறுப்பின மேனேஜர் அவர். அணி 106 ஆட்டம் வென்றது; பிளேஆஃப் தொடங்கி உலகத் தொடர் வரும்வரை ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை.

உலகத் தொடரின் முதல் ஆட்டம். ஆஸ்ட்ரோஸ் 5-0 முன்னிலை. எறிபவர் ஜஸ்டின் வெர்லாண்டர். ரன் விழ விழ பேக்கர் அவரை மாற்றாமல் இருந்தார். ஆட்டம் சமமாகி, பத்தாவது இன்னிங்ஸில் 6-5 என்று கைவிட்டுப் போனது. மறுபடி ஒரு 5-0. மூன்றாவது ஆட்டத்தில் லான்ஸ் மக்கல்லர்ஸ் ஐந்து ஹோம் ரன் வாங்கும்வரை விட்டுவைத்தார். உலகத் தொடரில் ஒரே பிட்சர் அத்தனை வாங்கியது அதுவே முதல் முறை. 7-0. பழைய பல்லவி திரும்பியது: இந்தக் கிழவருக்கு எப்போது பந்தை வாங்குவதென்றே தெரியாது.

நான்காவது ஆட்டத்தில் கிறிஸ்டியன் ஹாவியர் ஆறு இன்னிங்ஸ், 97 பந்து, ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. இப்படிப்பட்ட ஆளை வரலாற்றுக்கு நடுவில் எடுப்பார்களா? பேக்கர் எடுத்தார். அடுத்து வந்த பிரையன் அப்ரேயு, ரஃபேல் மொன்டேரோ, ரையன் பிரஸ்லி மூவரும் ஹிட் கொடுக்கவில்லை. நான்கு பேர் சேர்ந்து ஹிட்டே தராத ஆட்டம், 5-0. ஐந்தாவது ஆட்டத்தில் மறுபடி வெர்லாண்டர். ஐந்தாவது இன்னிங்ஸ், ரன் வித்தியாசம் ஒன்று, இரண்டு அவுட், பேஸில் பிரைஸ் ஹார்ப்பர். முதல் ஆட்டத்தில் சூடுபட்ட யாரும் இந்த இடத்தில் பந்தை வாங்கியிருப்பார்கள். பேக்கர் உட்கார்ந்தே இருந்தார். வெர்லாண்டர் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு நிக் காஸ்டெல்லானோஸை அவுட்டாக்கினார். 3-2. வெர்லாண்டருக்கு உலகத் தொடரில் அதுதான் முதல் வெற்றி.

ஒரு ஆட்டத்தில் சீக்கிரம் எடுத்தார், மறுநாள் எடுக்கவில்லை. இரண்டும் பலித்தன. 2002-லும் 2003-லும் இதையேதான் செய்தார், இரண்டும் பலிக்கவில்லை. இருபது வருடத்தில் அவர் மாறவே இல்லை என்று சொல்லமாட்டேன். பிரையரை விட்டதுபோல ஹாவியரை விடவில்லை, அது பாடம்தான். ஆனால் முடிவெடுக்கும் முறை அதே முறை. எதிரில் நிற்கும் ஆளின் முகத்தைப் பார்த்து எடுத்தது.

சரி, ஆறாவது ஆட்டத்துக்கு வருவோம். தாம்சன் செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். ஆல்வரஸ் இடதுகை பேட்டர், ஆல்வராடோ இடதுகை பிட்சர். வீலரை ஆல்வரஸ் மூன்றாவது முறை சந்திக்கப் போகிறார். கணக்கு முழுவதும் தாம்சன் பக்கம், 2002-இல் பேக்கர் பக்கம் இருந்ததுபோலவே. கணக்கில் வராதது ஒன்று உண்டு: இதே ஆல்வராடோ நான்காவது ஆட்டத்தில் இதே ஆல்வரஸுக்கு எறிந்த முதல் பந்திலேயே அவர் உடம்பில் அடித்து ஒரு ரன்னைத் தாரை வார்த்திருந்தார். அதற்கு எவ்வளவு எடை கொடுப்பது? பேக்கராக இருந்தால் கொடுத்திருப்பார் என்பது என் ஊகம்.

ஆஸ்ட்ரோஸ் பக்கம் ஃபிராம்பர் வால்டெஸ் ஆறு இன்னிங்ஸ் எறிந்து, ஒன்பது பேரை ஸ்டிரைக் அவுட் செய்து, கைல் ஷ்வார்பரின் ஒரே ஹோம் ரன்னை மட்டும் கொடுத்திருந்தார். நன்றாகவே எறிந்துகொண்டிருந்தார். பேக்கர் பந்தை வாங்கிக்கொண்டார். ஹெக்டர் நெரிஸ் ஒரு இன்னிங்ஸ், அப்ரேயு ஒரு இன்னிங்ஸ், பிரஸ்லி ஒரு இன்னிங்ஸ், யாரும் ரன் தரவில்லை. 4-1. காஸ்டெல்லானோஸ் தூக்கி அடித்த பந்தை எல்லைக்கு வெளியே ஓடிப்போய் கைல் டக்கர் பிடித்தபோது, மேனேஜராக 25-ஆவது சீசனில் பேக்கருக்கு முதல் உலகத் தொடர் கிடைத்தது. அந்தக் கோப்பையை வென்ற மேனேஜர்களிலேயே வயதில் மூத்தவர் அவர். சிட்டோ கேஸ்டன், டேவ் ராபர்ட்ஸுக்குப் பிறகு மூன்றாவது கறுப்பின மேனேஜர்.

2023-இல் மறுபடி லீக் இறுதி வரை வந்தார். ஏழாவது ஆட்டத்தில் டெக்சஸ் ரேஞ்சர்ஸிடம் 11-4 என்று தோல்வி. எதிர் டக்அவுட்டில் போச்சி. சில நாளில் ஓய்வை அறிவித்தார். மொத்தம் 2,183 வெற்றி, அன்றைய நிலையில் வரலாற்றில் ஏழாவது இடம். ஓய்வுக்குப் பிறகு ஜெயன்ட்ஸ் அவரை ஆலோசகராகக் கூப்பிட்டது, போனார். 2024 செப்டம்பரில் வாஷிங்டன் நேஷனல்ஸுக்காக டேரன் பேக்கர் முதல்நிலை ஆட்டத்தில் முதல்முறை மட்டையோடு இறங்கினார். தன்னிடம் வந்த முதல் பந்தையே ஹிட் அடித்தார்.